பாதி தீர்ந்த அட்டை

ஆவடி,
3 ஜூலை 2025, வியாழன்

அன்புள்ள தெரசா அக்கா,

நாங்கள் துவைத்து, வாராவாரம் சனிக்கிழமை அப்பா கொண்டுவரும் பாப்பா துணிகளுக்கு நடுவில் இதை வைக்கிறேன். பதிலை அவர் திருப்பி எடுத்துவரும் அழுக்குத் துணிக்குள் வை. பையை நீயே பிரி, உன் மாமியார் கையில் கொடுத்துவிடாதே. போனில் சொல்ல முடியாது. நீ பேசும்போதெல்லாம் அத்தை பக்கத்திலிருந்து, “ஊட்லேர்ந்தா? எல்லாரும் நல்லா கீறாங்களான்னு கேளு” என்கிறார். எனக்கும் அம்மாவின் போனை விட்டால் வேறு கிடையாது. எல்லோரும் தூங்கியபின் சமையலறை விளக்கில் எழுதுகிறேன்.

உன் வீட்டிலிருந்து வந்த நாள்முதல் அம்மாவுக்கு ஒரே பேச்சுதான். உனக்குப் பால் சுண்டிவிட்டதாம், பாப்பா நாள் முழுக்க அழுகிறாளாம், டப்பா பால் ஆரம்பித்துவிட்டார்களாம். “நாலு மாசக் குழந்தைக்கு டப்பாவா? ஒழுங்கா சாப்பிடறதில்ல அவ” என்று சொல்லி, அப்பாவை அனுப்பி பால்சுறா வாங்கிவரச் செய்தாள். அவித்து, முள் எடுத்து, உதிர்த்தது நான்தான். உனக்குக் கொடுத்தனுப்பிய புட்டு அது. ஆனால் பால் ஏன் சுண்டியது என்று எனக்குத் தெரியும்.

பிரசவம் முடிந்து மே மாதம் இங்கிருந்து நீ கிளம்பும் முன், “இன்னொரு குழந்தை இப்போ வேண்டாம் ஸ்வீட்டி, தள்ளிப்போட புஷ்பா அக்கா ஏதோ மாத்திரை போடறாங்களாமே, எனக்கும் கேட்டு வாங்கிட்டு வா” என்று சொன்னாய். எதிர் பிளாக்கில் போய்க் கேட்டேன். அவர்கள் உடனே பெட்டியோடு மூன்று அட்டை எடுத்துக் கொடுத்தார்கள். “ரெண்டு வருஷமா நானே போடறேன், ஒண்ணும் செய்யாது. தைரியமா போடச் சொல்லு” என்றார்கள். அவர்கள் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவர்கள் யாருக்கும் பால் கொடுக்கவில்லை என்பது நம் இருவருக்கும் தோன்றவே இல்லை.

பெட்டிக்குள் மடித்திருந்த தாளை நீ தூக்கிப் போடச் சொன்னாய். நான் அதை ஜூவாலஜி நோட்டில் செருகி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை இனப்பெருக்க நலம் பாடம் வந்தது. மிஸ் இரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டு, “இத நீங்களே படிச்சுக்கோங்க” என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நானே படித்தேன். பிறகு அந்தத் தாளையும் படித்தேன். பொடி எழுத்தில் இருக்கிறது. குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைச் சாப்பிட வேண்டாம், பால் சுரப்பது குறையலாம் என்று.

அக்கா, அது பால் வழியாகப் பாப்பாவுக்கும் போகுமா? போயிருந்தால் அவளுக்கு என்ன ஆகும்? நான் அவளுக்கு என்ன கொடுத்துவிட்டேன்? தயவுசெய்து நிறுத்திவிடு.

ஸ்வீட்லின்


சென்னீர்குப்பம்,
11 ஜூலை 2025

ஸ்வீட்டி,

உன் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். இரண்டாம் முறை படிப்பதற்குள் பாப்பா அழுதுவிட்டாள்.

நிறுத்து என்று எழுதிவிட்டாய். நிறுத்தினால் அதற்குப் பிறகு? மார்ச்சில் எனக்கு ரத்தம் போனதை நீ பார்க்கவில்லை, உன்னை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு அடுத்த குழந்தை கூடாது என்று டாக்டர் அம்மா இவரிடமும் அத்தையிடமும் சேர்த்தே சொன்னார். அத்தை தலையாட்டினார். ஆட்டோவில் ஏறியதும், “ஆஸ்பத்திரிக்காரங்க அப்டித்தான் சொல்லுவாங்க. பால் குடுக்கற வரைக்கும் ஒண்ணியும் தங்காதும்மா” என்று முடித்துவிட்டார். இவரோ, கல்யாணத்துக்கு முன் சர்ச் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நாள் எண்ணிக்கொள்ளலாம் என்கிறார். எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு இன்னும் தூரமே வரவில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது? கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அதனால்தான் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கட்டும் என்று அந்த மாத்திரையைக் கேட்டேன். பாப்பாவின் பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் தாள் சொல்வது உண்மையானால், குழந்தையின் சாப்பாட்டை நானே பிடுங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. போன மாதம் இவருடைய சித்தப்பா வீட்டுக்குப் போனபோது மூன்று நாள் மாத்திரை போட முடியவில்லை. இப்போது ஒரு வாரமாகக் காலையில் குமட்டுகிறது. ஒன்று தங்கியிருந்து, அது தெரியாமல் தினமும் அதன்மேல் மாத்திரை விழுங்கியிருந்தால்? அந்தப் பிள்ளை எப்படிப் பிறக்கும்?

நீ படிக்கிற பெண். விவரம் தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டுச் சொல். அம்மாவிடம் வேண்டாம். என் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பாப்பாமேல் சத்தியம் செய்.

தெரசா


ஆவடி,
17 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

சத்தியம் செய்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் ஸ்கூலிலிருந்து வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஹெல்த் சென்டருக்குப் போனேன். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதை மறந்துவிட்டேன். வராந்தா முழுக்கக் கைக்குழந்தைகளோடு அம்மாக்கள், நடுவில் யூனிபார்மோடு நான். கஸ்தூரி சிஸ்டர் என்று ஒருவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, ஸ்கூல் கட்டா?”

“இல்ல சிஸ்டர். ஒரு மாத்திரை பத்திக் கேக்கணும்.”

“யாருக்கு?”

“எங்க அக்காவுக்கு.”

“இங்க வர்ற அல்லாருக்கும் ஒரு அக்கா கீறா” என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடவில்லை. தாளை நீட்டினேன்.

சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு என்னை எடை மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தார். கூட்டம் குறைந்தபின் வந்து, “அக்கா கொயந்தைக்கு எத்தினி மாசம்?” என்று கேட்டார். “நாலு முடிஞ்சு பதினாலு நாள் ஆகுது சிஸ்டர். பிறந்தப்போ ரெண்டே முக்கால் கிலோ” என்றேன். அதற்குப் பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

அவர் சொன்னதை மறக்காமலிருக்க ஸ்கூல் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். புஷ்பா அக்கா கொடுத்ததில் இரண்டு ஹார்மோன் இருக்கிறது. அது பாலைக் குறைக்கும். “பால்ல போறது துளியூண்டு. அதால கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாது. அது அழறது விஷத்தால இல்லம்மா, பசியால” என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டு அடிக்கடி மார்பில் போட வேண்டுமாம், பால் திரும்பி வருமாம். பால் கொடுப்பவர்களுக்கென்றே ஒரே ஹார்மோன் உள்ள மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது. இவை பாலைக் கெடுக்காது.

நீ கேட்ட இன்னொன்றையும் கேட்டேன். “உண்டாயிருக்கறது தெரியாம போட்டுகினவங்க எத்தினி பேரு தெரியுமா? தெரிஞ்சதும் நிறுத்திடணும், அவ்ளோதான். அதால புள்ள ஊனமா பொறந்துச்சுன்னு இல்ல” என்றார். முதலில் டெஸ்ட் செய்து பார்க்கச் சொன்னார். குமட்டல் அந்த மாத்திரையாலும் வருமாம். எனக்கும் ஒரு திட்டு விழுந்தது. “பக்கத்து ஊட்டுச் சட்டைய வாங்கிப் போட்டுக்கலாம், பக்கத்து ஊட்டு மாத்திரைய வாங்கிப் போடுவாங்களா?” என்றார்.

ஊசியை என்னிடம் தர முடியாது, நீ நேரில் வர வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும் என்றார். மாமா கூட வராவிட்டாலும் பரவாயில்லையாம்.

வெளியே வரும்போது நம் குவார்ட்டர்ஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் வேம்புலி அண்ணன் பார்த்துவிட்டார். “இன்னா ஸ்வீட்டி, ஒடம்பு சரியில்லியா?” என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்வீட்லின்


சென்னீர்குப்பம்,
25 ஜூலை 2025

ஸ்வீட்டி,

இவர் ஷிப்டுக்குப் போனபிறகு, சர்ச்சுக்கு என்று சொல்லிப் போய் மெடிக்கலில் டெஸ்ட் கிட் வாங்கிவந்து பார்த்தேன். ஒரே கோடுதான். ஒன்றும் இல்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

மாத்திரையை நிறுத்தி ஆறு நாள் ஆகிறது. மணிக்கொரு தரம் பாப்பாவை மார்பில் போடுகிறேன். “இன்னா, எந்நேரமும் மடியிலயே வெச்சினு கீற? வேல யாரு பாக்கறது?” என்கிறார் அத்தை. பேசட்டும். நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள்.

ஊசிக்கு இன்னும் போகவில்லை. என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியவில்லை.

அத்தை அலமாரியெல்லாம் ஒழிக்க ஆரம்பித்திருக்கிறார். அதனால் மீதி மாத்திரையைத் துணிக்குள் சுற்றி அனுப்புகிறேன். புஷ்பா அக்காவிடம் கொடுத்துவிடு, இல்லையென்றால் எங்காவது போட்டுவிடு. நீ எனக்காகப் போய் நின்றாயே, அதை நான் மறக்க மாட்டேன்.

தெரசா


ஆவடி,
31 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

அட்டையை அம்மா பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பா அக்கா வீடு பூட்டியிருந்தது. மறுநாள் கொடுக்கலாம் என்று ஸ்கூல் பையில் வைத்திருந்தேன். திங்கள் காலை டிபன் பாக்ஸ் வைக்கப் பையைத் திறந்தவள் அதை எடுத்துவிட்டாள். முழு அட்டையாக இருந்திருந்தால்கூட யாருக்கோ வாங்கியது என்று சொல்லியிருப்பேன். பாதி தீர்ந்த அட்டை அக்கா. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பை அணைக்காமல் நின்றாள். பால் பொங்கி வழிந்தது.

வேம்புலி அண்ணன் வேறு, அப்பாவை டீக்கடையில் பார்த்து, “பொண்ணுக்கு இன்னா சார் ஒடம்புக்கு? ஆஸ்பத்திரில பாத்தேன்” என்று கேட்டிருக்கிறார். அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறார்.

அப்பா கத்தவில்லை. “யாரு?” என்று மட்டும் கேட்டார். மாத்திரை கொடுத்தது யார் என்று கேட்பதாக நினைத்தேன். எந்தப் பையன் என்று கேட்கிறார் எனப் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படி ஒருவனும் இல்லை என்று எத்தனை முறை சொல்வது? “அப்போ இது யாரோடது?” என்கிறாள் அம்மா. அதைச் சொல்ல முடியாததால் முதலில் சொன்னதும் பொய்யாகிவிட்டது.

அன்றிலிருந்து ஸ்கூல் கிடையாது. பாப்பா துணி துவைத்து மடிப்பதுதான் வேலை, அதனால்தான் இதை எழுதி வைக்க முடிகிறது. நான் பரிமாறினால் அப்பா சாப்பிடுவதில்லை. தட்டை அம்மா பக்கம் தள்ளுகிறார்.

விஷயம் புஷ்பா அக்கா காதிலும் விழுந்திருக்கிறது. மாடிப்படியில் வந்து என் கையைப் பிடித்து, “என் பேர இழுத்துடாத தாயி, எங்க வீட்டுக்காரரும் உங்கப்பாவும் வேலையில ஒரே செக்‌ஷன்” என்றார்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. உன் பெயரையும்தான்.

நான் என்ன செய்யட்டும், சொல்.

ஸ்வீட்லின்


சென்னீர்குப்பம்,
8 ஆகஸ்ட் 2025

ஸ்வீட்டி,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். என்னுடையதுதான் என்று நான் சொன்னால் அப்பா அடுத்த நிமிடம் இவருக்குப் போன் செய்வார். இவருக்குத் தெரிந்தால் அத்தைக்குத் தெரியும். குழந்தைக்குப் பால் இல்லாமல் போனது என்னால்தான் என்று தெரிந்தால், இந்த வீட்டில் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. குழந்தைக்கு விஷம் கொடுத்தவள் என்பார்கள். அது பொய் என்று உன் சிஸ்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு இங்கே தினமும் சோறு தின்ன முடியாது.

பாப்பா இப்போது டப்பா பால் குடிப்பதில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன். வேறு எதை எழுதுவது?

இவரை முதலில் பக்குவமாகத் தயார் செய்கிறேன். அதுவரை வாய் திறக்காதே. என்னை வெறுக்காதே.

தெரசா


ஆவடி,
14 ஆகஸ்ட் 2025

அக்கா,

பாப்பா டப்பா பால் குடிக்கவில்லை என்று படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு மறுபடி படித்தேன். ‘கொஞ்ச நாள்’ என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இங்கே நாள் போவதே இல்லை. யூனிட் டெஸ்ட் முடிந்துவிட்டது. மூன்றாம் பிளாக்கில் இருக்கும் என் கிளாஸ் பையன் ராகேஷின் அம்மா வந்து, நான் ஏன் ஸ்கூலுக்கு வரவில்லை என்று கேட்டார்கள். அவர்கள் போனதும் அம்மா, “அவனா?” என்றாள். பாவம், அவன் என்னிடம் கிராப் ஷீட் தவிர எதுவும் கேட்டதில்லை.

சனிக்கிழமை அம்மா என்னைச் சர்ச்சுக்கு, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய அழைத்துப் போனாள். முழங்கால் போட்டேன். என்ன பாவம் சொல்வது? நான் செய்யாததைச் சொன்னால் அது பொய். செய்ததைச் சொன்னால் உன் பெயர் வரும். “பேசாம இருக்கறது பாவமா சாமி?” என்று மெதுவாகக் கேட்டேன். “சத்தமா சொல்லும்மா, ஃபேன் சத்தத்துல கேக்கல” என்றார். ஒன்றுமில்லை சாமி என்றேன். மூன்று ‘அருள்நிறை மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பாவத்தை இறக்கி வைத்தவள் முகம் மாதிரி இல்லை என்று நினைத்திருப்பாள்.

நேற்று அப்பா அம்மாவிடம் சொன்னது கேட்டது. திங்கட்கிழமை காலை ஸ்கூலுக்குப் போய் டி.சி. வாங்கிவிடுகிறாராம். என்னை மணப்பாறையில் பெரியப்பா வீட்டில் விட்டுவிடுவதாம். பிளஸ் டூவைத் தனியாக எழுதிக்கொள்ளலாமாம். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, தூக்கம்தான் வருகிறது. பகலில்கூடத் தூங்குகிறேன். நானாகச் சொல்ல மாட்டேன். பாப்பாமேல் சத்தியம் செய்திருக்கிறேன். சத்தியத்தை வாங்கியவள் நீ, நீ சொன்னால்தான் அது முடியும்.

ஸ்வீட்லின்


சென்னீர்குப்பம்,
16 ஆகஸ்ட் 2025, சனி

ஸ்வீட்டி,

இதை உனக்கு எழுதினாலும் முதலில் படிக்கப்போவது அப்பா. ஹாலில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். இருங்கள் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். மடித்து அவர் கையிலேயே கொடுப்பேன்.

அப்பா, அந்த மாத்திரை என்னுடையது. பாதியைச் சாப்பிட்டது நான். உயிர் பயத்தில் சாப்பிட்டேன். யாரையும் கேட்காமல் வாங்கிவரச் சொன்னதும் நான்தான். அது பால் கொடுப்பவர்களுக்கு ஆகாது என்று கண்டுபிடித்தவள் ஸ்வீட்டி. அத்தனை பேர் நடுவில் யூனிபார்மோடு நின்று கேட்டு வந்து என்னை நிறுத்தச் சொன்னவளும் அவள்தான். பாப்பா இன்று வயிறு நிறையப் பால் குடிக்கிறாள் என்றால் அது அவளால். அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தவள் நான். டி.சி. கேட்டுப் போகாதீர்கள்.

ஸ்வீட்டி, உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய் இவரிடம் சொன்னேன். அத்தை அங்கேதான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறார் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

“என்னாண்ட சொல்லிருக்கலாம்ல?” என்றார் இவர்.

“சொன்னா நாள் எண்ணச் சொல்லுவீங்க” என்றேன்.

அத்தை நான் பயந்த வார்த்தையையே சொன்னார். “கொயந்தைக்கு வெசத்தயா குடுத்துகினு இருந்த?”

“விஷமில்ல அத்த, பசி. அந்தப் பசிக்குக் காரணம் நான்தான். இப்போ பசியில்ல” என்றேன். இவ்வளவுதான் வந்தது. இத்தனை நாள் பயந்ததற்கு ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது. முடியவில்லை, அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இனி எத்தனை நாளோ. ஆனால் இவர், “திங்கக்கெழம நைட் ஷிப்ட்தான். காலைல போலாம்” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஊசிக்குத்தான்.

அப்பா இரண்டாம் முறை எட்டிப் பார்க்கிறார். முடிக்கிறேன்.

தெரசா


ஆவடி,
18 ஆகஸ்ட் 2025, திங்கள்

அன்புள்ள அக்கா,

அப்பா உன் கடிதத்தை வழியிலேயே படித்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்து மறுபடி படித்தார். உள்ளே வந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா படித்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள். “ஏண்டி சொல்லல? ஏண்டி என்கிட்ட சொல்லல?” என்று கேட்டு அவளே அழுதாள். பிறகு சீப்பை எடுத்து வந்து என்னை உட்கார வைத்து, காய்ந்த தலையைச் சிக்கெடுத்தாள்.

அன்று ராத்திரி நான் தோசை போட்டேன். அப்பா தட்டைத் தள்ளவில்லை. இரண்டாவது தோசையில், “பாப்பாவுக்கு நிஜமாவே பால் வருதா?” என்று கேட்டார்.

“வருதாம்ப்பா.”

“உங்க அக்கா அடுத்த ஊசிக்குப் போறப்போ உன்ன கூட்டிட்டுப் போகட்டும். உனக்குத்தான் எல்லாம் தெரியுதே” என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது அவருக்கு.

அம்மாவுக்கு இன்னும் உன்மேல் கோபம்தான். புஷ்பா அக்கா பெயரை நான் கடைசிவரை சொல்லவில்லை. அம்மா ஊகித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், ஆனால் கேட்கவில்லை.

இன்று காலை ஸ்கூலுக்குப் போக யூனிபார்ம் போட்டுக்கொண்டு நின்றேன். மூன்று வாரம் வராததற்கு லீவ் லெட்டர் வேண்டும் என்றேன். நான் எழுதி நீட்டினால் அப்பா கையெழுத்து மட்டும் போடுவதுதான் எப்போதும் வழக்கம். இன்று பேனாவை அவரே வாங்கிக்கொண்டார். ‘என் மகள் ஸ்வீட்லின்’ என்று ஆரம்பித்து, பேனா மூடியைக் கடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மணி எட்டரை ஆகிவிட்டது. பிறகு வேகமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, மடித்துக் கொடுத்தார்.

படியிறங்கும்போது பிரித்துப் பார்த்தேன். ‘காய்ச்சல் காரணமாக’ என்று எழுதியிருந்தார். யாருக்குக் காய்ச்சல் என்று எழுதவில்லை.

உன் தங்கை,
ஸ்வீட்லின்